கால்வாயும் அடியார்களின் உரிமையும்

பொதிகையில் உற்பத்தியாகும் தாமிரபரணி, சுமார் 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயலில் கடலோடு சேர்கின்றது. அந்நீரைக் கொண்டுவரும் பாளையங்கால்வாய் நம் மேலப்பாளையத்தின் ஊடே செல்கின்றது. வயல்களுக்காக வெட்டப்பட்ட அதில் வீட்டுக் கழிவுநீரும் குப்பையும் கலக்கின்றன.

நீர்த்துறையிலும் நிழலிலும் மக்கள் நடமாடும் பாதையிலும் மலஜலம் கழிப்பது சாபத்திற்குரியது என எச்சரித்தார்கள் நபி (ஸல்) அவர்கள். நாமோ தூய நீரில் உளூச் செய்து தொழுகின்றோம். நம் வீட்டுக் கழிவுக்குழாய் கால்வாயில் திறக்கின்றது! கடைமடை விவசாயிக்கு இழைக்கும் இத்தீங்கு ஹுகூகுல் இபாத் சார்ந்தது. அவர் மன்னிக்காதவரை நம் தவ்பா நிறைவுறாது.

தூர்வாருவது அரசின் பொறுப்பு. கழிவை விடாதிருப்பது நம் பொறுப்பு. அக்குழாயை இன்றே அடைத்து, கழிவைத் தொட்டியிலோ பாதாளச் சாக்கடையிலோ சேர்ப்போமாக! வல்ல அல்லாஹ் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.