முதுமையும் உதைப்பு வண்டியும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

  

எழுபது அகவை கடந்தவன் எழுந்து நின்றால் வேதாந்தம் பேசுவான் என எதிர்பார்ப்பீர்கள். யானோ எனது மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேச வந்துள்ளேன். மட்டாஞ்சேரியிலிருந்து தோப்பும்படிப் பாலமும் வில்லிங்டன் தீவும் கடந்து அது பிராட்வேக்கு வரும் ஓசையை உங்களிற் பலர் அறிவீர்கள். சிலர் பொறுத்தும் வருகிறீர்கள். நன்றி.

அஃது என் தந்தையார் விட்டுச் சென்ற புல்லட். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் ராயல் என்பீல்டுடன் சேர்ந்து என்பீல்டு இந்தியாவைத் தோற்றுவித்தது. தொடக்கத்தில் அங்கிருந்து வந்த பாகங்களைப் பூட்டினர்; பின்னர்த் திருவொற்றியூரிலேயே அனைத்தும் செய்தனர். ரெட்டிச் ஆலை மூடிய பின்னும் திருவொற்றியூரில் வேலை நிற்கவில்லை. ஆகவே நம் ஊர் வண்டி என்று உரிமையோடு சொல்லலாம்.

சென்ற மழைக்காலத்தில் பிராட்வேயில், ஒரு துணிக்கடை வாயிலில், அது நின்றுவிட்டது. நெரிசலோ சொல்லி முடியாது. பின்னால் ஆட்டோக்கள் அலறின. பதற்றத்தில் ஆறேழு முறை உதைத்தேன். கடைசி உதையில் மிதிகோல் திருப்பி அடித்தது. கணுக்கால் வீங்கி, திண்ணையில் அமர்ந்துவிட்டேன். மூட்டை சுமக்கும் இளைஞர் ஒருவர் மனமிரங்கி உதைத்துப் பார்த்தார். மலை போன்ற உடல். ஆயினும் வண்டி அசையவில்லை.

அப்போதுதான் தந்தையார் சொன்ன முறை நினைவுக்கு வந்தது. சாவியைத் திருப்பி, மிதிகோலை மெல்ல அழுத்துக. அம்மீட்டர் முள் இடப்பக்கம் சாய்ந்து நடுவிற்கு மீளும்போது பிஸ்டன் அழுத்தத்தின் உச்சியை நெருங்கியிருக்கும். உடனே இடக்கையால் டிகம்ப்ரஸரைப் பிடித்து, உச்சியைச் சற்றே தாண்டவிட்டுக் கையை எடுத்துவிடுக. மிதிகோலை மேலே வரவிட்டு, உடலின் பாரம் முழுவதையும் இறக்கி ஒரே நீண்ட உதை! அடுத்த அழுத்தத்தை எட்டுமுன் எந்திரத்திற்கு விசை சேர்ந்துவிடும். அரை மனத்தோடு உதைத்தால், பிஸ்டன் உச்சியை அடையுமுன் பொறி பற்றிப் பின்னோக்கித் தள்ளும். என் கணுக்கால் கண்ட உண்மை அது.

சொல்லச் சொல்ல அவ்விளைஞர் செய்தார். முதல் உதையிலேயே வண்டி உயிர்த்தது.

வீட்டில் வழக்கு எழுந்தது. விற்றுவிடுங்கள் என்றான் மகன். முழங்காலைப் பார்த்த மருத்துவரும் அவன் பக்கமே சாய்ந்தார். அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லையென யான் வாதிடவில்லை. ஓர் உடன்படிக்கை செய்துகொண்டோம்: நடு ஸ்டாண்டில் நிறுத்தியே உதைப்பேன், செருப்பன்று, சப்பாத்து, மூன்று உதைக்கு மேல் இல்லை, மழையில் பிராட்வே பக்கமே இல்லை.

மற்றொரு குறையும் உண்டு. அம்மீட்டர் முள் இப்போது என் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. கல்லூரியிற் படிக்கும் பேத்தி அருகில் நின்று, "தாத்தா, நடுவுக்கு வந்துவிட்டது" என்கிறாள், யான் உதைக்கிறேன். சென்ற ஞாயிறன்று முள்ளை அவளே பார்த்து, அவளே உதைத்தும்விட்டாள்.