வேலி பயிரை மேய்ந்த வழக்கு
(கல்வியுரிமைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

  

அமெரிக்க நாட்டில் ஒரு மருத்துவக் கல்லூரியை எதிர்த்து ஒருவர் தொடுத்த உரிமை வழக்கைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றேன்.

1964-இல் அந்நாட்டில் குடிமையுரிமைச் சட்டம் இயற்றப்பெற்றது. நடுவணரசின் பொருளுதவி பெறும் எந்நிறுவனமும் இனத்தையோ நிறத்தையோ காட்டி எவரையும் ஒதுக்கலாகாது என்பது அதன் கூறுகளுள் ஒன்று. அஃது எவர்க்காகப் போட்ட வேலி? 1865-இல் அடிமைத்தளை அறுந்த பின்னும் பள்ளியிலும் பேருந்திலும் இழிவுபடுத்தப்பட்ட கருப்பின மக்களுக்காக அன்றோ!

கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிசு மருத்துவக் கல்லூரி 1968-இல் 50 மாணவரோடு தொடங்கிற்று. அவர்களுள் கருப்பினத்தார் ஒருவரும் இலர். அக்குறை போக்கவே, பின்னர் 100 இடங்களுள் 16 இடங்கள் பின்தங்கிய சிறுபான்மை இனத்தார்க்கென ஒதுக்கப்பட்டன.

ஆலன் பாக்கி என்னும் வெள்ளையினப் பொறியாளர் 1973-இலும் 1974-இலும் அங்கு இடம் கேட்டார், கிடைக்கவில்லை. வேறு கல்லூரிகளும் அவரை ஏற்கவில்லை. ஆயினும் அவர் குறை கூறியது அந்த 16 இடங்களையே! கருப்பர்க்கு அரணாக வந்த அதே சட்டத்தைக் காட்டி வழக்காடினார். 1978-இல் உச்சநயன்மன்றம், ஐவர்க்கு நால்வர் என்னும் கணக்கில், அவ்வொதுக்கீடு செல்லாதென்றது. பாக்கியைச் சேர்த்துக்கொள்ளவும் பணித்தது. மாணவரைத் தேர்கையில் இனத்தையும் பல கூறுகளுள் ஒன்றாகக் கருதலாம் என ஒரு சிறு கதவை மட்டும் திறந்துவைத்தது. 2023-இல், ஆர்வர்டு பல்கலைக்கழக வழக்கில், அக்கதவும் அடைக்கப்பட்டது.

அன்றைய நடுவருள் ஒருவரான கருப்பினத்துத் தர்குட் மார்சல் இத்தீர்ப்பை மறுத்தெழுதினார். இருநூறாண்டுக் கொடுமைகளைத் தடுக்காத அரசமைப்பு, அக்கொடுமைகளின் விளைவைத் துடைக்க முயலும்போது மட்டும் குறுக்கே நிற்பதோ என்பது அவர் கேள்வியின் சாரம். அதற்கு இன்றளவும் விடையில்லை!

தோழர்களே! நமக்கு இது புதிதன்று. மருத்துவக் கல்லூரி இடத்தை முன்னிட்டுச் செண்பகம் துரைராசன் தொடுத்த வழக்கில், 1951-இல் சென்னை மாநிலத்தின் வகுப்புரிமை ஆணை வீழ்ந்தது. அங்கும் படைக்கலமானது ‘வேற்றுமை காட்டாதே’ என்னும் சொல்லே. ஆனால் இங்கே மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அவ்வாண்டிலேயே அரசமைப்புச் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பெற்றது. பிற்பட்டோர்க்குத் தனியேற்பாடு செய்ய வழிவிடும் 15(4) பிறந்தது.

ஓடத் தொடங்கும் இடமே வேறாயிருக்க, ஓட்டத்தை மட்டும் ஒன்றென்பது ஒப்புரவாகாது. வேலி போட்டால் மட்டும் போதாது. விழித்திருந்து காக்கவும் வேண்டும்.