நூலுக்கு வழி அமைப்போர்

அந்தமானில் மரைன் ஹில் பகுதியில் வாழும் தமிழர் சென்னையில் அச்சாகும் நூலொன்றை விரும்பின், முன்னாளில் பெரும்பாலும் கப்பலையே எதிர்நோக்கியிருத்தல் வேண்டும். அக்கடற்பயணம் ஏறக்குறைய மூன்று நாள். 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள், சென்னையையும் அத்தீவுகளையும் இணைக்கும் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கண்ணாடியிழை வடம் இயங்கத் தொடங்கிற்று. வழி அமைந்தது, நூலை அவ்வழியே செலுத்துவோர் யாவர்? பதிப்பகங்களில் இணையத்தளம் அமைக்கும் பணியாளரே.

அவர்தம் பணியை வெறும் விளம்பரப் பணியென நாம் எண்ணிவிடுகிறோம். உண்மையில் அஃது எழுத்துப் பணியாகும். ‘கொடி’ என்னும் சொல்லைக் காண்போம். பழைய அச்சுக்கோப்புகள் பலவற்றில் கொம்பு, ககரம், கால் எனக் கண்ணுக்குத் தோன்றும் முறையிலேயே முதலெழுத்துப் பதிவாகியிருக்கும். 1991-இல் தமிழுக்கும் இடமளித்த யூனிகோடு முறையிலோ ககரம் முன்னும் ஒகரக் குறி பின்னும் நிற்கும். இதனை மாற்றாது ஏற்றினால், தேடுவோர்க்கு நூல் அகப்படாது, இருந்தும் இல்லாததாகிவிடும்.

1998-இல் தோன்றிய மதுரைத் திட்டத்தில், ஊதியம் கருதாத அன்பர்கள் பல நாடுகளிலிருந்து பழந்தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றினர். ஊர்விட்டு வாழ்வோர் உழைப்பு அதிற் பெரிது.

தாய்நிலத்துக்கு அப்பால் வாழும் நம் பிள்ளைகளுக்கு, தேடிக் கிடைக்காத நூல் எழுதப்படாத நூலே. ஆகவே, அகப்படாத நூலின் பெயரைப் பதிப்பகத்தார்க்கு எழுதி அறிவிப்போமாக. குறை ஒரு கொம்பின் இடத்தில் மட்டுமே இருத்தல் கூடும்.