ஒரே இடத்தில் நிற்கும் செயற்கைக்கோள்



பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இன்சாட் செயற்கைக்கோள் சுற்றுகிறது. பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றும் நேரத்தில் அதுவும் ஒரு சுற்று முடிக்கிறது. அதனால் தரையிலிருந்து பார்த்தால் ஒரே இடத்தில் நிற்பது போல இருக்கும். இரவும் பகலும் நம் கடல் மேகங்களைப் படம் எடுத்து அனுப்புகிறது. டி.வி. படமும் இப்படிப்பட்ட கோள் வழியாகத்தான் வருகிறது.

2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் வீசியது. மேகப் படம் கரைக்கு வந்தது. ஆனால் திருவனந்தபுரம் பூந்துறை, விழிஞ்ஞம் மீனவர்கள் பலர் முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தார்கள். கரையில் உள்ள செல்போன் கோபுரம் அவ்வளவு தூரம் எட்டுமா? எட்டாது. பலர் திரும்பவே இல்லை.

பிறகு இஸ்ரோ 'நாவிக்' கருவியை உருவாக்கியது. செயற்கைக்கோள் அனுப்பும் எச்சரிக்கையைப் படகில் உள்ள இந்தக் கருவி நேராக வாங்கும். செய்தி செல்போனில் எழுத்தாகத் தெரியும். அதைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவராவது படகில் இருக்க வேண்டும்.