கோபத்திற்குச் சரியான பெயர்

(தாராவியில் கட்சிக் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தாராவியில் இன்று பத்து வயதுக் குழந்தைக்கும் தெரிந்த இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று ‘பாத்ர்’, மற்றொன்று ‘அபாத்ர்’. தகுதி உடையவர், தகுதி அற்றவர். 2022 நவம்பரில் மறுசீரமைப்புத் திட்டத்தின் ஒப்பந்தப் புள்ளியை அதானி குழுமம் வென்றது. 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1ஆம் நாளுக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு என்றும், மற்றவர்களுக்கு வேறிடம் என்றும் சொல்லப்பட்டது. எந்தச் சான்றிதழ் இருக்கிறது, எது ஊரில் கிடக்கிறது என்று பெரியவர்கள் இரவில் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்கிறார்கள். பத்தடி அறையில் தாழ்ந்த குரல் என்று ஒன்று கிடையாது. பாயில் கண்ணை மூடிக் கிடக்கும் குழந்தை எல்லாவற்றையும் கேட்கிறது.

மறுநாள் அந்தக் குழந்தை பள்ளியில் பக்கத்துப் பையனை அடிக்கிறது. அல்லது சோற்றைத் தள்ளிவிட்டு மூலையில் உட்கார்ந்துகொள்கிறது. வீட்டில் அதற்கு ‘அடங்காப்பிடாரி’ என்று பெயர் சூட்டப்படுகிறது. பன்னிரண்டு மணி நேரம் தோல் பட்டறையிலோ தையல் மிஷினிலோ உழைத்துவிட்டு வரும் தகப்பனாருக்கு அதற்குமேல் விசாரிக்கப் பொறுமை இருப்பதில்லை. ஓர் அறை விழுகிறது. குழந்தைகளின் உணர்வு, குணம் என்பதெல்லாம் நடுத்தர வர்க்கத்தாரின் கவலை, உழைக்கும் மக்களுக்குச் சோறும் கூரையும்தான் கேள்வி என்று எண்ணும் தோழர்கள் நம்மிடையே உண்டு. தாராவியின் வரலாறே அவர்களுக்கு வேறு பதில் சொல்கிறது.

1992 டிசம்பர் 6. அயோத்தியில் மசூதி இடிக்கப்பட்ட அன்றே, அதைக் கொண்டாடித் தாராவியில் சிவசேனைக்காரர்கள் சைக்கிள் ஊர்வலம் நடத்தினர். காலா கிலாவில் கூட்டம் போட்டு வெறியூட்டிப் பேசினர். இதை நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா ஆணையத்தின் அறிக்கை பதிவு செய்திருக்கிறது. அந்த டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் நகரம் முழுவதும் 900 பேர் மாண்டனர் என்றும், அவர்களில் 575 பேர் முஸ்லிம்கள், 275 பேர் இந்துக்கள் என்றும் 1998இல் வெளியான அந்த அறிக்கை கணக்கிட்டது. அப்போது தெருவில் இறங்கிய இளைஞர்களிடம் கோபம் புதிதாக முளைத்துவிடவில்லை. வேலையின்மை, நகரத்தாரின் ஏளனம், எந்நேரமும் இடிக்கப்படலாம் என்ற குடிசை ஆகியவை சேர்த்து வைத்த கோபம் அவர்களிடம் முன்பே இருந்தது. அதற்குப் பெயர் மட்டுமே இல்லாதிருந்தது. வகுப்புவாதிகள் அதற்குப் பெயர் கொடுத்தார்கள்: பக்கத்து வீட்டுக்காரன்.

இந்த இடத்தில்தான் குழந்தை வளர்ப்பு அரசியலாகிறது. ஒரு குழந்தை தன்னுள் எழும் உணர்வை இன்னதென்று அறிந்து, அது எதனால் எழுந்தது என்று சொல்லப் பழகினால், பிறர் பொய்யான பெயர் ஒட்டுவது கடினம். பழகாத குழந்தை, முதலில் வந்து பெயர் கொடுப்பவன் பின்னால் போகும்.

கலவரத்துக்குப் பிந்திய தாராவியில் இதை உணர்ந்து செயல்பட்டவர்கள் பாவு கோர்டேயும் வகார் கானும். ஒருவர் மராத்திக்காரர், மற்றவர் உத்தரப்பிரதேசத்திலிருந்து வந்து ஆயத்த ஆடைத் தொழில் நடத்தியவர். மொஹல்லா கமிட்டிகளில் உழைத்த இந்த நண்பர்களின் பெயரைச் சொன்னால் பலருக்கும் நினைவுக்கு வருவது ஒரு சுவரொட்டி. நான்கு சிறுவர்கள், நான்கு சமயங்களின் குருமார் உடையில் நிற்கிறார்கள். நாம் அனைவரும் ஒன்றே என்பது வாசகம். கடைகளிலும் காவல் நிலையங்களிலும் அது ஒட்டப்பட்டது. இவ்விருவரின் நட்பைப் பற்றி டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த அஞ்சலி மொந்தேரோவும் கே.பி. ஜெயசங்கரும் 2003இல் ‘நாதா’ என்ற ஆவணப்படத்தை எடுத்தனர். நாதா என்றால் உறவு. நான்கு மதத்தார் கைகோத்து நிற்கும் படங்கள் நாட்டில் ஏராளம்; பெரும்பாலானவை அரசு விளம்பரம் போல மனதில் ஒட்டாமல் போகும். இது ஒட்டியதற்குக் காரணம், கலவரத்தில் அச்சத்தைக் கண்ட அதே சந்துகளில், அங்கேயே வாழ்பவர்கள் செய்தது என்பதாகத்தான் இருக்க வேண்டும்.

இனி, உணர்வுக்குப் பெயர் என்பது பற்றி. இது மேலைநாட்டு உளவியல் இறக்குமதி செய்த சரக்கு என்று எவரும் கருத வேண்டாம். தொல்காப்பியர் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்று தனி இயலே வகுத்தார். எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி நிறுத்தாமல், ஒவ்வொன்றும் எந்நான்கு நிலைக்களன்களில் பிறக்கும் என்றும் கூறினார். அழுகை பிறக்கும் இடங்களில் பிறரால் இகழப்படுதலும் வறுமையும் உண்டு. வெகுளி பிறக்கும் இடங்களில் தன் குடியையும் சுற்றத்தையும் பிறர் நலிதல் உண்டு. வைதலும் அடித்தலும் உண்டு. பெருமிதத்திற்குரிய நான்கில் கல்வியும் இருக்கிறது, அஞ்சாமையும் இருக்கிறது. கவனிக்க வேண்டியது இதுதான்: அழுகை அழுபவனின் பலவீனத்தில் பிறப்பதாக அவர் எழுதவில்லை, புறத்தே நிகழும் ஒன்றிலிருந்து பிறப்பதாகவே எழுதுகிறார். வறுமையைக் கண்ணீரின் ஊற்றுகளில் ஒன்றாக இலக்கணத்திலேயே எழுதி வைத்த மொழிக்குச் சொந்தக்காரர்கள், ‘ஆம்பளப் பிள்ளை அழலாமா’ என்று மகனை அதட்டுகிறோம்.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று எந்த மன வருத்தத்தையும் ‘டென்ஷன்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். பாட்டிமார் வாயில் சடவு வேறு, ஏக்கம் வேறு, வெப்புராளம் வேறு. சடவு என்றால் ஓய்வு தேவை. ஏக்கம் என்றால் எவரோ அருகில் வேண்டும். வெப்புராளம் என்றால் மனத்தில் கிடப்பதைக் கொட்டியாக வேண்டும். சொல் வேறுபட்டால் மருந்தும் வேறுபடுகிறது. பேச்சு முதலில் மனிதர்களுக்கு இடையே நிகழ்கிறது, பின்னரே உள்ளே சென்று சிந்தனையாகிறது என்று சோவியத் உளவியலாளர் வைகோட்ஸ்கி விளக்கினார். வீட்டில் எவரும் பேசாத உணர்வைக் குழந்தை தனக்குள்ளும் பேசிப் பார்க்க முடியாது. மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது, தமிழும் அவற்றில் ஒன்று. ஆங்கில வழியில் படிப்பதைக் குற்றம் சொல்வதற்கில்லை. வீட்டில் தமிழ் சந்தைக்கும் சமையலுக்கும் மட்டுமான மொழியாகச் சுருங்கிவிடக் கூடாது என்பதே கருத்து.

அரசுகளும் இதைப் பேசத் தொடங்கியிருக்கின்றன. தில்லி அரசுப் பள்ளிகளில் 2018 ஜூலையில் ‘மகிழ்ச்சிப் பாடத்திட்டம்’ வந்தது. தேர்வு கிடையாது, கதை, கலந்துரையாடல், சிறிது நேரம் மூச்சைக் கவனித்தல். ஏளனம் செய்யத் தக்கதன்று. தேர்வில்லாத ஒரு பாடவேளை ஏழைக் குழந்தைக்குக் கிடைப்பதே பெரிது. ஆயினும் வீடு பறிபோகும் அச்சத்தில் இருக்கும் குழந்தையிடம் ‘மூச்சை இழுத்துவிடு, அச்சம் போய்விடும்’ என்று மட்டும் சொல்வது, கூரை ஒழுகும்போது கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வதாகும். அச்சம் இயல்பானது, அதற்குக் காரணம் உண்டு, அந்தக் காரணத்தை எதிர்த்து அப்பாவும் அம்மாவும் அக்கம்பக்கத்தாரும் கூடிப் பேசுகிறார்கள் என்று குழந்தைக்குத் தெரிவது அதனினும் பெரிய ஆறுதல்.

குணம் எவ்வாறு உருவாகிறது? மக்கரென்கோவின் அனுபவம் இங்கே துணை நிற்கிறது. உள்நாட்டுப் போருக்குப் பின் உக்ரைனில் வீடற்று, திருடித் திரிந்த சிறுவர்களுக்காகப் போல்ட்டாவா அருகே 1920இல் தொடங்கிய குடியிருப்பை அவர் நடத்தினார். முதல் குளிர்காலத்திலேயே பொறுமையிழந்து ஒரு பையனை அடித்துவிட்டார். அதைத் தம் நூலில் மறைக்காமல் எழுதினார், கல்வியாளனின் தோல்வியாகவே எழுதினார். அதே நூலில் கராபானோவ் என்ற இளைஞன் வருகிறான். திருட்டுப் பின்னணி உடையவன். அவனிடம் அதிகாரக் கடிதத்தைக் கொடுத்து, 500 ரூபிள் வாங்கி வரத் தனியே அனுப்புகிறார் மக்கரென்கோ. அவன் கொண்டுவந்து தருகிறான். இவர் எண்ணாமலே மேசை அறைக்குள் போடுகிறார். எண்ணிப் பாருங்கள் என்று அவன்தான் தவிக்கிறான். அடுத்த முறை 2000 ரூபிள். நேர்மை பற்றி ஓர் உபதேசமும் அங்கே நிகழவில்லை. பின்னாளில் அவனே குழந்தைகளின் ஆசிரியனானான்.

தாராவியில் செய்யக்கூடியவை பெரிய செலவுக்குரியவை அல்ல. குழந்தை அடிதடி செய்த நாளில் ‘ஏன் அடித்தாய்’ என்று அதட்டுவதற்கு முன்பு ‘அடிப்பதற்கு முன் என்ன நடந்தது’ என்று கேட்கலாம். தகப்பன் கை நீட்டிவிட்டால், மறுநாள் காலை பிள்ளையிடம் வருத்தம் தெரிவிக்கலாம்; அதனால் தகப்பனின் மதிப்பு குறைந்ததாக எங்கும் செய்தியில்லை. வாரக்கணக்கில் உறங்காத, பேசாத, தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் குழந்தையைக் கோயிலுக்கும் மந்திரிப்புக்கும் அலைக்கழிக்காமல் சயான் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். உடன் செல்லும் பொறுப்பைக் கிளை ஏற்கலாம். அந்த மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவுத் தலைவராக இருந்த அர்மிடா ஃபெர்னாண்டஸ் 1999இல் நிறுவிய சினேகா அமைப்பும், வீட்டு வன்முறையால் பாதிக்கப்படும் பெண்களுக்காகவும் குழந்தைகளுக்காகவும் தாராவியில் பணியாற்றி வருகிறது.

கேரளத்தில் 1938இல் தொடங்கிய பாலசங்கம் போன்ற ஒன்றை இங்கே உடனே எழுப்ப ஆள்பலம் போதாது. சனிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் கிளை அலுவலக அறையைக் குழந்தைகளுக்குக் கொடுப்பதற்கு ஆள்பலம் தேவையில்லை. தமிழ்ப் பிள்ளைகளோடு மராத்தி, உருது பேசும் பிள்ளைகளும் வரட்டும். சண்டை வந்தால் இரு தரப்பையும் உட்கார வைத்துக் கேட்க அவர்களே ஒரு குழுவைத் தேர்ந்தெடுக்கட்டும். கதைப் புத்தகங்களை எடுப்போர் பெயரை எழுதும் நோட்டும் அறையின் சாவியும், வகுப்பில் ‘அடங்காப்பிடாரி’ என்று பெயர் வாங்கிய பிள்ளையிடம் இருக்கட்டும்.