உத்தியோகமும் உள்ளமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



உத்தியோகம் பார்ப்போர் தம் மனநலத்தைப் பேணுவது எவ்வாறு என்பது பற்றிப் பேசும்படி செயற்குழுவினர் எம்மைப் பணித்திருக்கின்றனர். இன்னும் சர்வகலாசாலைப் படிப்பையே முடிக்காத ஒருவரிடம் இப்பொருளைக் கொடுத்தார்களே என்று பெரியோர்கள் சிலர் புன்னகை செய்வது தெரிகிறது. கந்தோர் வாழ்வு எமக்குத் தெரியாதுதான். ஆயினும் கந்தோருக்குப் போய் வருவோரின் வீடுகளிலேதான் நாம் வளர்ந்தோம். தந்தையார் சப்பாத்தைக் கழற்றி வைக்கும் ஓசையைக் கொண்டே, அன்றைக்கு அவரிடம் பாடசாலைக்கு வேண்டிய காசைக் கேட்கலாமா, மறுநாள் வரை பொறுக்கலாமா என்று அறியக் கற்றவர்கள் நாம். அந்த அறிவையும், பின்னர் புத்தகங்களிற் கற்ற சிலவற்றையும் துணையாகக் கொண்டு பேசத் துணிகிறோம்.

முன்னேஸ்வரத்திலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 80 கிலோமீற்றர். விடியுமுன் எழுந்து, சாப்பாட்டுப் பொதியைக் கையிற் பிடித்தபடி புகையிரதத்துக்கோ பஸ்ஸுக்கோ ஓடுகிறவர்கள் இச்சபையிலேயே இருக்கிறார்கள். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேரமும், வாரத்துக்கு 45 மணி நேரமும் வேலை என்று வரையறுத்தது. மேலதிக வேலை வாரத்துக்கு 12 மணி நேரத்துக்கு மேற்படலாகாது என்றும், வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறை வேண்டும் என்றும் விதித்தது. நல்ல சட்டந்தான். ஆனால் ஒற்றைக்காலில் நின்றுகொண்டு பிரயாணம் செய்யும் நேரத்தை அது எண்ணுவதில்லை. சட்டத்தின் கணக்கில் எட்டு மணி நேரம். வீட்டாரின் கணக்கில் பதின்மூன்று, பதினான்கு மணி நேரம். இந்த இரண்டு கணக்குகளுக்கும் இடையிலேதான் மனிதருடைய மனம் அகப்பட்டுத் தவிக்கிறது.

விடுமுறை என்றதும் ஒரு பழைய செய்தி நினைவுக்கு வருகிறது. 1966 முதல் 1971 வரை இந்நாட்டில் ஞாயிற்றுக்கிழமை வார விடுமுறையாக இருக்கவில்லை. நிலவைப் பார்த்து, போயா நாள்களே விடுமுறையாகக் கொள்ளப்பட்டன. அதனை நேரிற் கண்ட பெரியோர்கள் இங்கே உளர்; நாம் கேட்டறிந்தவர்கள் மாத்திரமே. மிஷன் பாடசாலையில் நாம் கற்ற வேதபாடத்தில் ஏழாம் நாள் ஓய்வு நாள். வீட்டிலோ வெள்ளிக்கிழமை விரத நாள். பஞ்சாங்கம் எதுவாயினும், கருவிகளைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்திருக்க ஒரு நாள் வேண்டும் என்பதில் எல்லாருக்கும் ஒரே மனம். அந்த நாளைத்தான் இன்று கைத்தொலைபேசி பறித்துக்கொண்டது. ஞாயிறு மாலையில் மேலதிகாரியிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வருகிறது. "நாளைக்குப் பார்த்தாற் போதும்" என்றுதான் அதில் இருக்கும். ஆனால் பார்த்தவருக்கு அன்றிரவு உறக்கம் போய்விடுகிறது. பிரான்ஸ் தேசத்தில் 50 பேருக்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனங்கள் இதுபற்றி ஊழியரோடு பேசி வரையறை செய்தல் வேண்டும் என்ற விதி 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அவுஸ்திரேலியாவும் 2024இல் அத்தகைய உரிமையைச் சட்டமாக்கியது. இங்கே நாமாகச் செய்யக்கூடியது ஒன்றுண்டு. இரவில் அந்தப் பெட்டியைச் சுவாமி அறையிலோ சமையலறைத் தட்டிலோ வைத்துவிட்டுப் படுக்கலாம். தலையணைக்குக் கீழே கந்தோரை வைத்துக்கொண்டு உறங்க முயல்வது வீண் முயற்சி.

நிற்க. எழுத்து வேலை மனத்தை வருத்தும் என்பது புதிதாகக் கண்டுபிடித்த சங்கதியன்று. இத்தாலி தேசத்தில் பெர்னார்டினோ ரமாசினி என்றொரு வைத்தியர் இருந்தார். தொழிலாளரின் நோய்களைப் பற்றி 1700ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டு, 1713இல் அதனை விரிவாக்கினார். அதிலே எழுத்தர்களுடைய வருத்தங்களுக்கு அவர் காட்டிய காரணங்கள் மூன்று. இடைவிடாது உட்கார்ந்திருத்தல், ஓயாமற் கையை அசைத்தல், கணக்குப் பிழைத்துவிடுமோ என்ற கவலையால் மனம் இறுகியிருத்தல். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதியது! சிலாபத்திலுள்ள எந்த வங்கியிலும் மாதக் கடைசி நாளில் போய்ப் பார்த்தால், அந்த மூன்றாவது காரணத்தைக் காசாளருடைய முகத்திலேயே வாசிக்கலாம்.

1974இல் நியூயோர்க் நகரில் ஹேர்பேட் புரொய்டன்பேகர் என்ற மனவியல் அறிஞர், ஏழைகளுக்கு இலவச வைத்தியம் செய்யும் நிலையத்தில் ஆர்வத்தோடு உழைத்தவர்களே சில காலத்தில் எரிந்து முடிந்த விளக்குப்போல ஆகிவிடுவதைக் கண்டு எழுதினார். பின்வந்த ஆராய்ச்சியாளர் கிறிஸ்ரினா மஸ்லாக் அம்மையார் இதற்கு மூன்று குணங்குறிகளைக் கூறினார். உடலும் உள்ளமும் ஓய்ந்துபோதல் ஒன்று. தாம் சேவை செய்ய வேண்டிய மனிதர்மேலேயே வெறுப்பும் ஏளனமும் கொள்ளுதல் மற்றொன்று. "நான் செய்வதால் என்ன பயன்?" என்னும் எண்ணம் மூன்றாவது. 2019இல் உலக சுகாதார நிறுவனம் இதனைத் தன் நோய்ப் பட்டியலிற் குறிப்பிட்டபோது, இது நோயன்று, வேலையிடத்தினால் விளைவது என்றே எழுதியது. இது எமக்கு முக்கியமாகப் படுகிறது. முன்பெல்லாம் சிரித்துப் பேசிய ஆசிரியர் இப்போது பிள்ளைகளிடம் எரிந்து விழுகிறார் என்றால், அவருடைய குணத்தைக் குறைகூறுமுன் அவருடைய நேரசூசியை ஒருமுறை பார்க்க வேண்டும்.

பெரிய பதவியிலிருப்பவருக்கே பெரிய மனப்பாரம் என்று பலர் எண்ணுகிறார்கள். இங்கிலாந்தில் 1967இல் ஏறத்தாழ 18,000 அரசாங்க உத்தியோகத்தரை வைத்துத் தொடங்கிய ஆராய்ச்சி, பின்னர் மைக்கல் மாமொட் என்ற அறிஞர் ஆராய்ந்து எழுதியது, அவ்வெண்ணத்தைத் தலைகீழாக்கிற்று. அடிநிலையிலிருந்த சேவகர்களிடையே மரண வீதம் மேனிலை அதிகாரிகளுடையதைப் போல மூன்று மடங்கு! வேலை மிகுதியைக் காட்டிலும், அந்த வேலையைத் தாம் விரும்பியவாறு ஒழுங்கு செய்ய உரிமை இல்லாமையே வருத்துகிறது என்பது தொடர்ந்து செய்த ஆராய்ச்சிகளிற் புலப்பட்டது. ஆகவே இச்சபையில் உள்ள அதிபர்களிடமும் முகாமையாளர்களிடமும் ஒரு விண்ணப்பம். கீழே வேலை செய்பவர் எந்த வேலையை முதலிற் செய்வது, எப்போது தேநீர் குடிப்பது என்பதையாவது தாமே தீர்மானிக்க விடுங்கள். அரசாங்கத்துக்கு ஒரு சதம் செலவில்லை.

வேலை மிகுதியும் இலேசான காரியமன்று. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவருக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவரைவிடப் பாரிசவாதம் வரும் ஆபத்து 35 வீதமும், மாரடைப்புப் போன்ற இருதய நோயால் இறக்கும் ஆபத்து 17 வீதமும் அதிகம் என உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழில் நிறுவனமும் 2021இல் அறிவித்தன. யப்பானியர் வேலையினால் நேரும் மரணத்துக்கு "கரோஷி" என்று தனிச்சொல்லே வைத்திருக்கிறார்கள். அதனைத் தடுப்பதற்கென 2014இல் சட்டமும் செய்தார்கள். ஒரு சொல் வேண்டுமளவுக்கு மரணங்கள் நேர்ந்த பிறகுதானா சட்டம் வரவேண்டும்!

ஆனால் வெறும் உபதேசம் செய்ய எமக்கு மனம் வரவில்லை. 2022இல் வந்த பொருளாதார நெருக்கடிக்குப் பின் ஒரு சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியாமல், பாடசாலை விட்டதும் டியூஷன் கொடுக்கிற ஆசிரியர்களையும், இரவில் முச்சக்கர வண்டி ஓட்டுகிற லிகிதர்களையும் நாம் அறிவோம். அடகுச் சீட்டைப் பையில் வைத்திருப்பவரிடம் போய், "கவலைப்படாதே, மனத்தை அமைதியாக வைத்திரு" என்பது வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுவதாகும். அவருக்கு வேண்டியது பணம். அதற்கடுத்தபடி, வெட்கமின்றித் தம் கஷ்டத்தைச் சொல்ல ஒரு மனிதர்.

தாய்மாரின் நிலை இதனினும் கடினம். தாதியாகவோ ஆசிரியையாகவோ இருக்கும் ஓர் அக்கா காலை நான்கு மணிக்கு எழுந்து தேங்காய் துருவுகிறார். அண்ணர் கந்தோரால் வந்தால் சாய்வுநாற்காலி. அக்கா வந்தால் அடுப்பங்கரை. அவருக்குத் தலையிடி என்றால் பனடோல். நெஞ்செரிவு என்றால் "காஸ்ட்ரிக்". வைத்தியரிடம் மாதாமாதம் போகிறார். எல்லாப் பரிசோதனையும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். எம்மவரிடையே மனத்தின் வருத்தம் உடம்பின் வழியாகவே வாய் திறக்கிறது. மருந்து வாங்கிக் கொடுப்பதோடு, வாலிப அன்பர்கள் அந்தத் தேங்காயைத் துருவிக் கொடுத்தால் என்ன? பெரியோர் சிரிக்கிறார்கள், நாம் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இனி, எப்போது வைத்தியரை நாட வேண்டும்? களைப்பு என்பது உறங்கி எழுந்தால் நீங்கும். ஒரு விடுமுறையிற் குறையும். அவ்வாறின்றி இரண்டு வாரங்களுக்கு மேலாக மனம் இருண்டே கிடந்தால், விடியுமுன் விழிப்பு வந்து பின் உறக்கம் பிடிக்காவிட்டால், பிடித்தமான உணவிலும் பிள்ளைகளின் பேச்சிலும் நாட்டம் அற்றுப்போனால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு மருந்தும் உண்டு, பேசித் தீர்க்கும் முறையும் உண்டு. மருந்து குணங்காட்டச் சில வாரங்கள் செல்லும். மூன்றாம் நாளே பயனில்லை என்று நிறுத்திவிடுவோர் பலர்.

இங்கேதான் பெரிய தடை ஒன்று நிற்கிறது. "அங்கொடை" என்ற ஊர்ப்பெயரை நாம் வசைச்சொல்லாக்கிவிட்டோம். பாடசாலை மைதானத்திலே ஒருவரையொருவர் அப்படிச் சொல்லிக் கேலி செய்யாத பிள்ளை இல்லை. 1920களில் அங்கே தோன்றிய வைத்தியசாலை இன்று தேசிய மனநல நிறுவனமாக விளங்குகிறது. அதுமட்டுமன்று, சுனாமிக்குப் பின் 2005இல் வகுத்த மனநலக் கொள்கையின் நோக்கமே, இவ்வைத்தியம் கொழும்பில் மாத்திரம் குவிந்திராமல் மாவட்டங்கள்தோறும் கிடைக்கவேண்டும் என்பது. கண்ணுக்கு ஒரு கிளினிக், நீரிழிவுக்கு ஒரு கிளினிக், மனத்துக்கு ஒரு கிளினிக். இதில் வெட்கம் எங்கே வந்தது? "கலியாணம் பேசும்போது தெரியவந்தால்?" என்று கேட்கும் பெற்றோர் உளர். தெரியவரக் கூடாதென்று மறைத்து வைத்த வருத்தம் கலியாணத்துக்குப் பின் முற்றினால், துன்பம் ஒரு வீட்டுக்கன்று, இரண்டு வீட்டுக்கு.

முன்னேஸ்வரத்தவராகிய நமக்குக் கோயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியாது. ஆவணி உற்சவ காலத்தில் தமிழரும் சிங்களவரும் ஒருங்கே வந்து நிற்கும் வீதி இது. பக்கத்திலே காளி கோயிலில் தம் ஆற்றாமையையெல்லாம் அம்மனிடம் வாய்விட்டுச் சொல்லி அழுகிறவர்களை நாம் சிறுவயது முதல் கண்டிருக்கிறோம். அதனை மூடநம்பிக்கை என்று கற்றவர் சிலர் தள்ளுவர். வாய்விட்டுச் சொல்ல ஓர் இடம் இருக்கிறதே, அது சிறிய காரியமா? யாழ்ப்பாணத்தில் யுத்த காலத்தில் வைத்தியம் செய்த மனநோய் நிபுணர் தயா சோமசுந்தரம் அவர்கள், மூச்சை ஒழுங்குபடுத்தல், யோகாசனம் முதலியவற்றோடு, அவரவர் சமயத்துக்கேற்ற நாமத்தை மெல்ல உருவேற்றுதலையும் மனப்பதற்றம் தணிக்கும் பயிற்சியாகக் கையாண்டார். சைவர் ஐந்தெழுத்தை ஓதலாம், கத்தோலிக்கர் செபமாலை உருட்டலாம். ஆயினும் அவர் மருந்தையும் கைவிடவில்லை. கோயிலா வைத்தியசாலையா என்று வழக்காடத் தேவையில்லை. அர்ச்சனை செய்துவிட்டு அப்படியே கிளினிக்குக்குப் போகலாம். பஸ் அந்த வழியாகத்தான் போகிறது.

மற்றுமொன்று, சொல்லத் தயக்கமான விஷயம். 1995ஆம் ஆண்டளவில் இலங்கையில் ஓர் இலட்சம் பேருக்கு 47 பேர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களுள் அது ஒன்று. பின்னர் கொடிய நஞ்சுள்ள பூச்சிமருந்துகளை அரசாங்கம் படிப்படியாகத் தடை செய்தது. அவ்வீதம் பாதிக்கும் கீழே குறைந்தது. சாகத் துணிந்தவரைத் தடுக்க இயலாது என்பது பொய் என இதனாற் கண்டோம். அந்த ஒரு பொல்லாத வேளையைத் தாண்டிவிட்டால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள். அத்தகைய முயற்சி 1998 முதல் இந்நாட்டிற் குற்றமன்று. பொலிசுக்குப் பயந்து மறைக்க வேண்டியதில்லை. ஒருவர் "எல்லாம் போதும்" என்று சொன்னால், பேச்சை மாற்றாமல் அருகிலிருந்து, "சாக வேண்டும் என்று எண்ணுகிறீர்களா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாக உண்டாவதில்லை. அவரைத் தனியே விடாதீர்கள். தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி இலக்கம் 1926. 1974இல் ஜோன் டி மெல் அம்மையார் தொடங்கிய சுமித்ரயோ சங்கத்தாரும் அந்தரங்கத்தைக் காத்துச் செவிகொடுப்பவர்கள்.

தலைவர் அவர்களே, நேரம் முடிந்தது என்று மணியைக் கையில் எடுத்துவிட்டீர்கள். ஒரே ஒரு பிரேரணை. நம் வாசிகசாலையில் மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, உத்தியோகம் பார்ப்போர் கூடியிருந்து பேசுவதற்கென ஒதுக்குங்கள். பிரசங்கம் வேண்டாம், தேநீர் போதும். முதற் கூட்டத்துக்கு மாவட்ட வைத்தியசாலையின் மனநல வைத்திய அதிகாரி ஒருவரை அழைத்துக் கேள்வி கேட்கலாம். வாய்திறந்து கேட்கக் கூச்சப்படுவோர் பெயரின்றித் துண்டுக் கடதாசியில் எழுதிப் போட, வாசலில் ஒரு பெட்டி வைப்போம். செயற்குழு திகதியைக் குறித்துத் தந்தால், அழைப்புக் கடிதம் எழுதுவதையும் பெட்டி செய்வதையும் மாணவர்களாகிய நாம் பொறுப்பேற்கிறோம்.