ஜனாஸாவுக்கு முந்திய நாட்கள்
(வேங்கிக்கால் ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நம் மஹல்லாவில் ஒருவர் மவுத்தாகிவிட்டால் சிறிது நேரத்திலேயே சந்தூக் வந்து சேர்கிறது. கபன் துணி வருகிறது. கபர் தோண்ட ஆள் போகிறது. அல்ஹம்துலில்லாஹ். ஆனால், "இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று மருத்துவர் கைவிரித்த நாளிலிருந்து அந்த மவுத் வரை சில மாதங்கள் இருக்கின்றனவே, அப்போது அந்த வீட்டில் யார் துணை? பெரும்பாலும் மனைவி, அல்லது மகள் மட்டுமே. நாமும் நோய் விசாரிக்கப் போகத்தான் செய்கிறோம். பத்துப் பேராகப் போய்த் தேநீர் அருந்தி, "வேறு டாக்டரைப் பார்த்தீர்களா?" என்று கேட்டுவிட்டுத் திரும்புகிறோம்!

கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் 1993ஆம் ஆண்டு டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலானோர் வலி தணிப்புச் சிகிச்சைக்கென ஒரு சங்கம் தொடங்கினர். பின்னர் மலப்புறம் மாவட்டத்தில் அப்பணியை ஊர்மக்களே கையில் எடுத்தனர். பயிற்சி பெற்ற அண்டை வீட்டார், செவிலியருடன் நோயாளியின் இல்லம் செல்கின்றனர். புண்ணுக்குக் கட்டுப் போடுவதோடு, அடுப்பெரிய அரிசி இருக்கிறதா, பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா என்றும் பார்க்கின்றனர். 2008இல் கேரள அரசே இதற்கெனக் கொள்கை வகுத்தது. நம் மாநிலத்தில் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் வீடு தேடி வந்து இச்சிகிச்சை அளிக்கும் ஏற்பாடு உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெறலாம்.

புற்றுநோயின் கடும் வலிக்கு மார்பின் மாத்திரை தருகின்றனர். போதை மருந்தாயிற்றே என்று குடும்பத்தார் அஞ்சி ஒளித்து வைத்துவிடுகின்றனர். மருத்துவர் அளவறிந்து கொடுக்கும் மார்பின் ஆயுளைக் குறைப்பதில்லை. மலச்சிக்கல் உண்டாகும், அதற்கும் மருந்து சேர்த்தே தருவார்கள். வலியில் துடிப்பவரிடம் கலிமா சொல்லுங்கள் என்பவர்கள், முதலில் அந்த வலி தணிய வழி பார்க்க வேண்டாமா?

நோயாளியின் மனத்தை அரிப்பது வேறொன்றும் உண்டு. சிறுநீர்ப் பை தொங்கும் உடலோடு தொழலாமா என்ற கவலை! தயம்மும் செய்யவும், அமர்ந்தும் படுத்தும் தொழவும் மார்க்கத்தில் சலுகை உண்டென்பதை ஹஜ்ரத் அவர்களே நேரில் சென்று எடுத்துரைத்தால், அவர் அன்றிரவு நிம்மதியாக உறங்குவார்.

சந்தூக் வைத்திருக்கும் அறையில் ஒரு காற்று மெத்தையும், சக்கர நாற்காலியும், தலைப்பக்கம் உயர்த்தும் கட்டிலும் வாங்கி வைக்க வேண்டுமென நிர்வாகக் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். வாரம் ஒரு மாலைப்பொழுது நோயாளியின் அருகிருந்து, அவர் மனைவியைச் சற்றுக் கண்ணயரச் செய்ய ஆண்களும் பெண்களும் தேவை. பயிற்சிக்கு வர விரும்புவோர் இஷாவுக்குப் பின் முத்தவல்லி அவர்களிடம் பெயர் கொடுக்கலாம். வஸ்ஸலாம்.